பள்ளிக்கூடமே கோவிலான ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் சீர்திருத்தக் கிறிஸ்தவ ஊர்களில் தேவாலயத்தைக் ‘கோவில்’ என்றே சொல்வார்கள். இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதுகிறேன். பல ஊர்களில் அந்தக் கோவிலின் முதல் வடிவம் ஒரு பள்ளிக்கூடம். அதைப் பற்றி ஊரை விட்டு வெளியே வளர்ந்த பிள்ளைகளும், சபை வரலாறு எழுத உட்காரும் கமிட்டிக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பள்ளிக்கூடம் முதலில் வந்ததா, கோவில் முதலில் வந்ததா?

பெரிய ஊர்களில் கோவில்தான் முந்தியது. பாளையங்கோட்டையில் ராசா குளோரிந்தா என்ற விதவைப் பெண்மணி முன்னின்று கட்டிய கோவில் 1785-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதலூரில் 1799-இல் தாவீது சுந்தரானந்தம் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களைக் குடியேற்றியபோது, குடியிருப்பும் வழிபாடும் ஒன்றாகவே தொடங்கின. தென் திருவிதாங்கூரில், மயிலாடியில், லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே காலத்தில் 1809-இல் கோவில் எழுந்தது.

சிற்றூர்களின் கதை வேறு. 1816-இல் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குச் சிற்றாலய குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், அங்கே பல ஆண்டுகளாக ஐரோப்பிய மிஷனரி எவரும் தங்கி வேலை செய்யாத சபைகளைக் கண்டார். அவர் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று பள்ளிக்கூடம் திறப்பது. 1820-இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் வந்த பிறகு அது வேகம் பிடித்தது. ஒரு ஊரில் நாலைந்து குடும்பங்கள் ‘எங்களுக்கு ஒரு வாத்தியாரை அனுப்புங்கள்’ என்று கேட்கும். வாத்தியார் வருவார். அவருக்கு ஒரு கொட்டகை போடுவார்கள். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும். சில ஆண்டுகளில் அந்தக் கொட்டகையைக் கோவில் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எந்த நாளில் பெயர் மாறியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே ‘பள்ளிக்கூடத்தைக் கோவிலாக மாற்றினார்கள்’ என்று ஒரு தேதி போட்டு எழுதுவது பெரும்பாலும் சரியாக வராது. பிறந்த நாளிலிருந்தே இரண்டு வேலை பார்த்த கட்டடம் அது. பின்னாளில் ஒரு வேலையை விட்டது.

இரண்டு கட்டடம் கட்டினால் என்ன? ஏன் ஒன்றே?

காசு இல்லை, அவ்வளவுதான். தேரிக்காட்டுப் பனையேறிகள் ஊர் அது. சுவர் மண்ணால் எழும், கூரை பனையோலை. ஓலைக்கும் கைமரத்துக்கும் பனை விளையிலேயே பஞ்சமில்லை, ஆனால் ஓலைக்கூரை நிற்பது சில ஆண்டுகள்தான். கறையான், காற்று, தீ என்று எதிரிகள் பலர். ஒரு கூரையை வேய்ந்து முடிப்பதே ஊருக்குப் பாரம் என்னும்போது இரண்டாவது கூரையை யார் நினைப்பார்கள்?

காசைவிட முக்கியமான காரணமும் உண்டு. ஆள் ஒருவர்தான்.

வாத்தியாரும் உபதேசியாரும் ஒரே ஆளா?

பல ஊர்களில் ஆம். உபதேசியார் என்றால் குரு வராத நாளிலும் சபையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர். இந்தக் கதை முழுவதற்கும் அச்சாணி அந்த மனிதர்தான் என்பது என் கருத்து. வரலாற்று மலர்களில் மிஷனரியின் படம் முழுப் பக்கம் வரும். உபதேசியாருக்கு அடிக்குறிப்பு கிடைத்தால் பெரிது. ஆனால் மிஷனரி குதிரையிலோ வண்டியிலோ எப்போதாவது வந்து போனவர். ஊரில் இருந்தவர் உபதேசியார்.

காலையில் மணி அடித்து ஜெபம் நடத்துவது, பகலில் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பது, மாலையில் மறுபடியும் ஜெபம், ஞாயிறு அன்று ஐயர் (குருப்பட்டம் பெற்றவர்) வராத வாரங்களில் ஜெபப் புத்தகத்தை வாசித்து ஆராதனை, நடுவில் நோயாளி வீடு, வழக்கு, பஞ்சாயத்து, மனு எழுதுதல். எழுதத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர் என்றால் வட்டிக்காரனின் சீட்டையும் அவரிடம்தான் கொண்டுபோய் நீட்டுவார்கள். இத்தனைக்கும் சம்பளம் சொற்பம். அதிலும் ஒரு பங்கு சபையாரின் காணிக்கையிலிருந்து வந்தது: அடுப்பில் உலை வைக்கும்போது பெண்கள் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி, முதற்கனி, கருப்புக்கட்டி.

இப்படிப்பட்டவர்களைப் பயிற்றுவதற்காகவே ரேனியஸ் பாளையங்கோட்டையில் செமினரி நடத்தினார். 1840-களில் சாயர்புரத்தில் ஜி.யு. போப் தொடங்கிய செமினரியும் இதே வழியில் வந்ததுதான். பள்ளியிலிருந்து சபைக்கு ஒரு மனிதர் நகர்வதற்கு ஜான் தேவசகாயம் நல்ல எடுத்துக்காட்டு. தரங்கம்பாடிப் பக்கம் மிஷன் பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்தவர், 1830-இல் குருப்பட்டம் பெற்றார். பிறகு கடாட்சபுரத்தில் நெடுங்காலம் ஐயராக இருந்தார்.

ஆள் ஒன்று என்பதால் கட்டடமும் ஒன்று. பின்னால் ஆள் இரண்டானபோது கட்டடமும் இரண்டானது. அதைக் கீழே சொல்கிறேன்.

உள்ளே எப்படி இருந்திருக்கும்?

நீண்ட ஒரே அறை. முன்னால் தாழ்வாரம், தலை குனிந்து நுழைய வேண்டிய அளவுக்குத் தாழ்ந்தது. தரை சாணி மெழுகியது. பெஞ்சு கிடையாது, பாய் அல்லது வெறுந்தரை. ஆராதனையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இந்த வழக்கம் பல கோவில்களில் இன்னும் மாறவில்லை. பிள்ளைகள் எழுதியது மணலில், பிறகு ஓலையில், அப்புறம்தான் சிலேட்டில்.

மணலில் எழுதும் அந்தத் திண்ணைப் பள்ளி வழக்கத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம் உண்டு. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளில் பரவியது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கப்பலேறியது இப்படித்தான்.

வருகையைப் பற்றி மட்டும் அதிகம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பதநீர்க் காலம் வந்துவிட்டால் குடும்பத்தோடு விளையில் போய்த் தங்குவார்கள். அப்பா மரம் ஏற, அம்மா பதநீர் காய்ச்ச, பிள்ளை சுள்ளி பொறுக்கும். வாத்தியார் காலி அறையில் உட்கார்ந்திருப்பார்.

மதம் பரப்பத்தானே பள்ளிக்கூடம் கட்டினார்கள்?

ஆம். மிஷன்கள் அதை மறைக்கவும் இல்லை. வேதத்தை வாசிக்கத் தெரிய வேண்டும், அதற்கு எழுத்துத் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

ஊர்க்காரர்களின் கணக்கு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியின் படியில் கால்வைக்க முடியாத சாதிகளுக்கு, பிள்ளையை உட்காரவைத்து எழுத்துச் சொல்லித்தர ஒருவர் வருகிறார் என்பதே பெரிய செய்தி. சீட்டைப் படித்துப் பார்க்கத் தெரிந்தால் ஏமாற்ற முடியாது. மனு எழுதத் தெரிந்தால் கச்சேரிக்குப் போகலாம். பெண்பிள்ளைகள் விஷயத்தில் மாற்றம் இன்னும் கூர்மையானது. இடையன்குடியில் எலைசா கால்டுவெல்லும், மெய்ஞ்ஞானபுரத்தில் மேரி தாமசும் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளிகளிலிருந்து ஆசிரியைகள் வந்தார்கள். அவர்கள் உபதேசியார்களுக்கு வாழ்க்கைப்பட்டுச் சிற்றூர்களுக்குப் போனபோது, அதே கொட்டகையில் பெண்பிள்ளைகளின் வரிசையும் சேர்ந்துகொண்டது.

யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று கேட்டால், இரண்டு பக்கமும் என்பேன்.

எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது, சில நேரங்களில் தீயாகவே. தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஒட்டித் தோள்சீலைக் கலகம் மூண்டபோது, 1820-களின் இறுதியிலும் மறுபடி 1858–59-இலும் பள்ளிகளும் கோவில்களும் கொளுத்தப்பட்டன. திருநெல்வேலியில் 1840-களில், மதமாற்றத்தை எதிர்த்துக் கிளம்பிய விபூதிச் சங்கத்தார் கிறிஸ்தவக் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். கொளுத்த வந்தவர்கள் பள்ளியையும் கோவிலையும் பிரித்துப் பார்த்திருக்கத் தேவையில்லை. பெரும்பாலான ஊர்களில் பிரித்துப் பார்க்க இரண்டு கட்டடங்களும் இல்லை.

ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்காகத்தான் ரேனியஸ் 1830-இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். நிலம் வாங்கி, குடியேற்றி, அங்கே ஜெபவீடும் பள்ளியும் எழுப்புவது அதன் வேலை. சொந்த மனையில் நிற்கும் கூரையை ஜமீன்காரனோ மிராசுதாரனோ ‘பிரித்துப் போடு’ என்று சொல்ல முடியாது. ரேனியஸ் உருவாக்கிய குடியேற்றங்களில் டோனாவூரும் ஒன்று. பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபுவின் பணத்தில் நிலம் வாங்கியதால் அவர் பெயரே ஊர்ப் பெயரானது.

கட்டடம் யாருக்குச் சொந்தம்?

சண்டையில்லாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஓலையும் உழைப்பும் ஊரார் கொடுத்தது. நிலம் சில இடங்களில் ஒரு குடும்பத்தின் தானம். பத்திரம் மிஷன் பெயரில்.

1835-இல் சர்ச் மிஷனரி சங்கம் ரேனியசைப் பணிநீக்கம் செய்தபோது இந்த முடிச்சு முதன்முறையாகப் பெரிய அளவில் வெளிப்பட்டது. ஆங்கிலத் திருச்சபையின் நடைமுறைகளைக் குறைகூறி அவர் எழுதியது லண்டனுக்குப் பொறுக்கவில்லை. ஆற்காட்டுப் பக்கம் போனவரைச் சபைகள் திரும்ப அழைத்தன, அவரும் வந்தார். உபதேசியார்களில் ஒரு பகுதியினர் அவரோடு, மற்றவர்கள் சங்கத்தோடு. சாவி யாரிடம், ஞாயிறு அன்று யார் நடத்துவது என்ற கேள்வி ஊர் ஊராகக் கிளம்பியது. 1838-இல் ரேனியஸ் இறந்தபின் பிளவு மெல்ல ஆறியது. 1857-இல் நாசரேத்துப் பக்கம் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனை விட்டுப் பிரிந்து பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டபோது, தங்களுக்கென்று தனிக் கோவிலே எழுப்பிக்கொண்டார்கள்.

இப்போதைய நிலை நேரானது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மிஷன் சொத்துகள் படிப்படியாகத் திருமண்டலங்களின் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் வட்டாரம்) அறக்கட்டளைகளிடம் வந்தன. திருநெல்வேலிச் சிற்றூர்ப் பள்ளிகளின் பலகையில் நீங்கள் பார்க்கும் டி.டி.டி.ஏ. என்ற எழுத்துகள் திருநெல்வேலித் திருமண்டல அறக்கட்டளையைக் குறிப்பவை. 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தபோது அந்தப் பக்கத்துப் பள்ளிகள் புதிய நிர்வாகத்துக்குப் போயின. உங்கள் தாத்தா நிலம் கொடுத்திருக்கலாம். அதற்காகச் சாவியைக் கேட்க முடியாது.

சில பழைய கோவில்களுக்கு முறையான பிரதிஷ்டை நடக்கவில்லை என்கிறார்களே, ஏன்?

ஆங்கிலிக்கன் மரபில் பேராயர் ஒரு கட்டடத்தைப் பிரதிஷ்டை செய்துவிட்டால் அது வழிபாட்டுக்கு மட்டுமே. அங்கே மறுநாள் காலையில் வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாது. ஆகவே பள்ளியாகவும் இருக்க வேண்டிய கட்டடத்துக்கு, ஆராதனை நடத்த அனுமதி மட்டும் கொடுத்து, ஜெபத்தோடு திறந்துவைப்பார்கள். நற்கருணை நாளில் மேசை போட்டு வெள்ளை விரிப்பார்கள். திங்கட்கிழமை அதை எடுத்துவிடுவார்கள்.

பிரதிஷ்டை என்ற சொல் பதிவேட்டில் முதலில் எந்த ஆண்டு வருகிறது என்று பாருங்கள். பள்ளி வேறிடம் போன காலம் ஏறக்குறைய அதுதான். உங்கள் ஊரில் ஆண்டுதோறும் அசனத்தோடு (சபை விருந்து) கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை, சபை பிறந்த நாளை அல்ல, பள்ளி வெளியேறிய காலத்தை நினைவுகூர்வதாகக்கூட இருக்கலாம். கமிட்டிக்காரர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

பள்ளியும் கோவிலும் எப்போது பிரிந்தன?

ஒரே நாளில் அல்ல. மூன்று காரணங்களைச் சொல்லலாம். அவற்றில் முதலாவதே வலுவானது.

1854-இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்றது. மதப் போதனையில் அரசு தலையிடாது, மானியத்துக்குக் கணக்கில் கொள்வது பொதுப் பாடங்களை மட்டுமே என்பது நிபந்தனை. இன்ஸ்பெக்டர் வர ஆரம்பித்தார். வருகைப் பதிவேடு, பாட அட்டவணை, தேர்வு, பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று ஒவ்வொன்றாக வந்தன. வாத்தியாரின் சம்பளத்தில் அரசின் பணம் கலந்தது. காலப்போக்கில், பகல் வேலைக்குச் சம்பளம் ஒரு பக்கமிருந்தும் ஜெப வேலைக்குச் சம்பளம் மறுபக்கமிருந்தும் வந்தால், இரண்டையும் ஒருவரே பார்ப்பது கடினமாகிவிடும். உபதேசியார் வேறு, ஆசிரியர் வேறு ஆனார்கள். ஆள் பிரிந்த பிறகு அறையைப் பகிர்வதில் உரசல் வந்தது. வசதி வந்த ஊர் அடுத்த மனையில் இன்னொன்று கட்டியது.

இரண்டாவது, கூரை. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, தென்னாட்டுப் பொதுக் கட்டடங்களின் தலையில் சிவப்பு ஓடு ஏறத் தொடங்கியது. ஓடு போட்ட கட்டடம் நிலைக்கும். நிலைக்கும் என்று தெரிந்தால்தான் ‘இது கோவிலுக்கு, அது பள்ளிக்கு’ என்று திட்டமிட மனம் வரும்.

மூன்றாவது, பக்கத்து ஊர்ப் பெருமை. ஜான் தாமஸ் 1837-இல் வந்து அமர்ந்த மெய்ஞ்ஞானபுரத்தில் கோவில் கோபுரம் கடைசியில் 192 அடிக்கு உயர்ந்தது. கால்டுவெல் 1847-இல் அடிக்கல் நாட்டிய இடையன்குடிக் கோவில் 1880-இல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்து மூன்று ஆண்டு! அதைப் பார்த்துத் திரும்பியவர்களுக்குத் தங்கள் ஓலைக் கொட்டகை இனி எப்படிக் கண்ணில் பிடிக்கும்?

இரண்டு வகையான பிரிவும் உண்டு. சில ஊர்களில் பழைய கட்டடம் பள்ளியாகவே நின்று, கோவில் புதிதாக எழும். சில ஊர்களில் பழையது கோவிலாக நிலைத்து, பள்ளி வெளியே போகும். நீங்கள் தேடுவது இரண்டாவது வகை.

சாதி இதில் எங்கே வருகிறது?

கட்டடம் எந்தத் தெருவில் நின்றது என்பதில் வருகிறது. ஒரு தெருவின் பள்ளிக்கூடம் கோவிலானால், அடுத்த தெருக்காரர்கள் அதைத் தங்கள் கோவிலாக நினைப்பது அரிது. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே எழுதிவிட்டார். தெருக்கள் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. ஒரே சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகள்) கூப்பிடு தூரத்தில் இரண்டு கோவில்கள் இருந்தால், எந்தெந்தத் தெருவில் முதலில் பள்ளி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். காரணம் அங்கேயே கிடைக்கலாம்.

ஒரு கோவில் பழைய பள்ளிக் கட்டடம்தான் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். வெளியே நின்று பக்கச்சுவரைப் பாருங்கள். பீடம் இருக்கும் கிழக்குப் பகுதி பின்னால் ஒட்டவைத்தது போல இருக்கும். சுவரின் கனம் மாறும், கூரையின் உயரம் மாறும். ஆங்கிலிக்கன் கோவிலுக்குப் பீடம் கிழக்கே வேண்டும். பள்ளிக்கு அந்தக் கவலை இல்லை, மனை எப்படி நீண்டிருக்கிறதோ அப்படிக் கட்டியிருப்பார்கள். ஆகவே திசை சரியாக வராத கோவில்களில் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சன்னல்கள் தரையில் உட்கார்ந்த பிள்ளைக்குக் காற்று வரும் உயரத்தில் இருந்தால் அதுவும் ஒரு அடையாளம். சுவரில் மாடங்கள், பூசி மூடிய இரண்டாவது வாசல், நீளமான தாழ்வாரம் ஆகியவற்றையும் பாருங்கள். கூர்மாடச் சன்னலும் முகப்புக் கோபுரமும் எதையும் நிரூபிக்காது. அவை பெரும்பாலும் துபாய்ப் பணத்தில் நேற்று வைத்தவை.

தமிழகத்துக்கு வெளியே இப்படி உண்டா?

தெலுங்கு நாட்டில் உண்டு, அதற்கு நேரடித் தொடர்பும் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு சிற்றூர் ஐயரின் மகனாகப் பிறந்த வே. ச. அசரியா, 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரிச் சங்கத்தின் வழியாக டோர்ணக்கலுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மாலா, மாதிகா மக்களின் சேரிகளில் ஊர் வாத்தியாரையும் அவர் மனைவியையும் நம்பியே அவர் திருமண்டலம் வளர்ந்தது. பகலில் வேலைக்குப் போனவர்களுக்கு இரவுப் பள்ளி, அதே இடத்தில் ஜெபம். பிறந்த ஊரில் பார்த்த முறையைத்தான் அங்கே விதைத்தார் என்று சொல்வேன்.

இன்று அரசு உதவி பெறும் பள்ளிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாமா?

அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதப் போதனை கூடாது என்கிறது. உதவி பெறும் பள்ளி அந்த வகையில் வராது. ஆனால் அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியிலும் அதை ஒட்டிய இடத்திலும் நடக்கும் வழிபாட்டுக்கு, பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் வரச் சொல்ல முடியாது என்கிறது. கோவிலை ஒட்டிப் பள்ளி நிற்கும் நம் ஊர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வாசகம். பள்ளி நேரத்தில் வழிபாடு வைத்து எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைப்பது வம்பு. ஞாயிறு அன்று சபை கூடுவதும், ஓய்வுநாள் பாடசாலை நடத்துவதும் வேறு விஷயம்.

பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளியைக் கோவிலாக்கலாமா?

இப்போது அதிகம் வரும் கேள்வி இது. ஆங்கிலவழிப் பள்ளி வேன் ஊருக்குள் நுழைந்த பிறகு பல தொடக்கப்பள்ளிகளில் ஆளில்லை. முதலில், கல்வித்துறைக்குத் தெரியாமல் நிர்வாகம் பள்ளியை மூட முடியாது. அடுத்து, தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ‘எங்கள் தாத்தா காலத்தில் இங்கேதான் ஜெபம் நடந்தது’ என்பது ஆட்சியர் அலுவலகத்தில் செல்லாது. அடுத்த தெருவில் ஆட்சேபணை வந்தால் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கும். மூன்றாவதாக, சொத்து அறக்கட்டளையுடையது. சேகரக் கமிட்டி தீர்மானம் போட்டால் மட்டும் போதாது.

என்னைக் கேட்டால், வாசகசாலையோ மாலை நேர வகுப்போ முதலில் யோசியுங்கள் என்பேன். பக்கத்திலேயே ஒரு கோவில் நிற்கும்போது இரண்டாவது எதற்கு?

எங்கள் ஊர்க் கட்டடத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்வெட்டை நம்பித் தொடங்காதீர்கள். வாசலில் பதித்த கல் பெரும்பாலும் கடைசியாகப் புதுப்பித்த ஆண்டைச் சொல்லும். தலைமையாசிரியர் அறையில் இருக்கும் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டின் மிகப் பழைய புத்தகத்தைக் கேளுங்கள். சேகர குருவானவரிடம் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இருக்கும். அவற்றில் ஆராதனை நடந்த இடத்தை ‘பள்ளிக்கூடம்’, ‘ஜெபவீடு’, ‘ஆலயம்’ என்று எப்படி எழுதியிருக்கிறார்கள், எந்த ஆண்டில் ஒன்று மற்றொன்றாகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் மனையின் கதை கொஞ்சம் தெரியும்.

அதற்கும் முந்தியது வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குத்தான் எழுத வேண்டும். உங்கள் ஊர் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்ததா, எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) ஊரா, லண்டன் மிஷன் ஊரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவதின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், இரண்டாவதின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலும், மூன்றாவதின் ஆவணங்கள் லண்டன் சோயஸ் கல்லூரியிலும் உள்ளன. கடிதத்தில் ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் மட்டும் எழுதாதீர்கள்; வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடி பல விதமாக எழுதிவைத்திருப்பார்கள், பக்கத்துப் பெரிய ஊரின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.